ஓர் ஆளுக்கு ஒரு தடம்

விடிவதற்கு முன்பே ஆவுடையப்பன் கால் கழுவ உட்கார்ந்துவிடுவார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தை அத்தனை சிரத்தையாகக் கழுவியதில்லை. விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, பெருவிரல் நகத்தின் அடி என்று ஒவ்வொரு மூலையாகத் தேய்த்து, துவைத்த துண்டால் ஒற்றி எடுப்பார். சோப்பு ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் தரைக்கு ஆகாது. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அன்று முழுக்க உம்மென்று இருக்கும்.

பிறகு வெறுங்காலோடு வாசலைத் தாண்டிப் பின்வாசல் தடத்தில் இறங்குவார். அருவிக்கரைக் கல்லூரியைச் சுற்றியுள்ள ஐந்து நடைத்தடங்களில் இதைப்போல அழகில்லாத ஒன்றை மெனக்கெட்டுப் போட்டாலும் போட முடியாது. கல்லூரியின் பின்வாசலில் தொடங்கி, பழைய கெமிஸ்ட்ரி லேபின் கழிவுத்தொட்டியை உரசி, உடைந்த பெஞ்சுகளின் மலையைச் சுற்றி, ஆறு வீடுகளின் வாசலில் வந்து முடியும்; அவற்றில் ஆவுடையப்பன் வீட்டைத் தவிர மற்றவை காலி. இந்த வழியாக வந்த ஓர் ஆடு பாதியில் மனம் வெறுத்துத் திரும்பிப் போனதை ஆவுடையப்பன் கண்ணால் பார்த்திருக்கிறார். அதன் பிறகு அது மேய்ச்சலையே விட்டுவிட்டது என்றும் சொல்வார். நாற்பது வருஷம் காமர்ஸ் பாடம் நடத்தியவர். கூடுதலாக ஒரு பிடி போடாமல் எதையும் சொல்ல வராது.

அன்று தரை அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. பசித்த தரை அப்படித்தான், களிமாவு போல ஒட்டும். ஒவ்வொரு அடியையும் பிடுங்கி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை போய்த் திரும்பினார். மூட்டு இரண்டும் தனித்தனியே புலம்பின. மறுபடியும் போனார்.

தாரும் சிமென்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கிய காலம் ஒன்று இருந்தது. காக்கைகள் செருப்புக் கேட்ட வருஷங்கள் அவை. அதற்குப் பிறகுதான் பாசித்தரை வந்தது. பிள்ளைகள் அதை லைவ் ஃப்ளோர் என்பார்கள். வெயிலை விழுங்கிக் குளுமையைக் கொடுக்கும் பச்சை விரிப்பு. வீடுகளுக்குப் போகும் தண்ணீரும் அதன் வேர்களுக்குள்ளேதான் ஓடுகிறது. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மனிதக் கால். மிதித்தால் இறுகும், மிதிக்காவிட்டால் இளகும். நன்றாக இளகிவிட்டால் வழியும் போச்சு, தண்ணீரும் போச்சு. அந்தத் தடத்து வீட்டுக்காரர்களைக் குடிமாற்றுத் துறை வந்து அள்ளிக்கொண்டு போய் வேறெங்காவது வைத்துவிடும்.

ஐந்து தடங்களும் கூடும் சந்தியில் வேதமாணிக்கம் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற பிசிக்ஸ் பேராசிரியர், ஆவுடையப்பனுக்கு ஸ்டாஃப் ரூம் காலத்துச் சிநேகிதர். மனைவி போன பிறகு குளத்துத் தடத்தில் உள்ள ஒரே வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலில் ஒரு பானை நன்னாரித் தண்ணீர் வைத்திருப்பார். அதைக் குடிக்கவே ஊரில் பாதி அந்தப் பக்கம் ஓடும்.

"என்னவே, கால நீரு தூக்குதீரா, கால் உம்மைத் தூக்குதா?" என்றார்.

"ரெண்டும் பேச்சு வார்த்தையில இருக்கு. இன்னும் முடிவாவல."

"தனியாளா எத்தனை தடவை போயி வருவீரு? உம்ம ஒத்தக் காலுக்கு அந்தத் தரை நிக்குமா?"

"நிக்கணும்லா வே. நாளைக்கழிச்சு தேர்வு. அதுவரைக்கும் அது உயிரோட இருந்தாத்தான நாலு பேரு கால வைப்பான்."

வேதமாணிக்கம் தம் தடத்தின் பக்கம் பார்த்தார். அங்கே குளக்கரை மருதமரங்களுக்கு அடியில் தரை கல்லைப்போல இறுகிப் பளபளத்தது. நடைக்காரர்கள் வந்தபடியே இருந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் ஜெபசிங் தட்தட்டென்று ஓடிவந்தார். ஓட்டக்காரர் ஒருவரின் மிதி பத்து நடைக்காரருக்குச் சமம் என்பது துறையின் கணக்கு. ஜெபசிங் ஓடினால் பக்கத்து மாவட்டத்தில் தேங்காய் விழும் என்பது ஆவுடையப்பனின் கணக்கு.

ஆசைப்பட்டால் ஜெபசிங் நாளைக்கே பின்வாசல் தடத்தில் வந்து ஓடலாம். ஆனால் பிரயோசனமில்லை. தரைக்கு ஆள் அடையாளம் உண்டு. ஒவ்வொரு தடத்துப் பாசியும் வேறு வேறு வளர்ப்பு. தனக்குப் பழகிய நடைச்சாயலை மட்டுந்தான் உணவாக எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் விருந்தாளிக்கால். தாங்கும், ஆனால் உண்ணாது. மழை முடிந்த பிறகு வருஷத்துக்கு ஒருமுறைதான் பாசிக்குப் புது நடையைப் பழகும் பருவம். அந்தத் தேர்வு நாளில் கல்லூரிக் கலையரங்கத்தில் திரை கட்டி, ஐந்து பாசித்தட்டுகளை வைப்பார்கள். ஆளாளுக்கு உள்ளே போய் ஏதாவது ஒன்றில் உள்ளங்காலைப் பதித்து வர வேண்டும். அதோடு அடுத்த மழை வரைக்கும் ஓர் ஆளுக்கு ஒரு தடம்.

யார் எதில் கால் வைத்தார் என்று யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லக் கூடாது. சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியான மரியாதை. முதல் வருஷம் வெளிப்படையாக வைத்தபோது அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது, நிச்சயித்த கல்யாணம் ஒன்று நின்றது, முதல்வரின் கார் டயர் நான்கிலும் காற்று மட்டும் நிற்கவில்லை. அதிலிருந்து திரைதான்.

ஆவுடையப்பன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி பிரமு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து பொருத்தியதிலிருந்து அவளுடைய உலகம் அந்த ஜன்னல்தான். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது.

"எத்தன தடவ போனிய?"

"சும்மா ரெண்டு தடவ."

"கால் வீங்கியிருக்கத பாத்தா அப்பிடித் தெரியல." அவள் குழாயைப் பார்த்தாள். "நின்னு போவுமோ?"

"நிக்காது."

"இந்தா பாருங்க. ஸ்டேஷன் தடம் செத்தப்ப மூட்ட கட்டுனோம். மலைத்தடம் செத்தப்பவும் கட்டுனோம். அப்ப எனக்கு இடுப்பு இருந்துச்சு. இனி ஒருக்க என்னால ஆவாது. கட்டிலோட தூக்கிட்டுப் போயி, தெரியாத ஊர்ல, தெரியாத செவத்தப் பாத்துக்கிட்டு கெடக்க எனக்குத் தெம்பு இல்ல. சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் அவரை உலுக்கியது. இரண்டாவது தடவை மலையடியிலிருந்து வந்தபோது வழியெல்லாம் வேனுக்குள் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இங்கே வந்து ஜன்னலுக்குத் திரை தைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை திரை தைக்க அவளால் உட்கார முடியாது.

"இங்கேருந்து நாம எங்கேயும் போமாட்டோம்" என்றார். எந்த வார்த்தையையும் பெருக்கிச் சொல்லும் அந்த மனிதர், அன்று அளவாகச் சொன்னார்.

மிச்சமிருந்த இரண்டு நாளும் அவர் சந்தியிலேயே பழியாய்க் கிடந்தார். எதில் கால் வைப்பாய் என்று கேட்கத்தான் கூடாது. தன் தடத்தைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது என்று எந்த மரியாதையும் சொல்லவில்லை.

"லேப் கழிவு அத்தனையும் நெலத்துக்குள்ள எறங்கியிருக்கு" என்று நூலகரிடம் சொன்னார். "அதுல ஒரு உப்பு இருக்கு. என் நரைமுடி அடியில கறுக்குது, பாரும்." காட்டுவதற்குத் தலையில் முடி இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இல்லை. சர்க்கரை நோயுள்ள கணக்கு வாத்தியாரிடம், அந்தத் தடத்தில் ஒரு வாரம் நடந்த எறும்புகளே இப்போது சர்க்கரையைத் தொடுவதில்லை என்றார். உடைந்த பெஞ்சு மலையைக் காட்டி, கொல்லிமலையில்கூட இப்படி ஓர் ஏற்றம் கிடையாது என்று ஜெபசிங்கிடம் சத்தியம் செய்தார்.

ஜெபசிங் மூச்சிரைப்புக்கு நடுவே சிரித்தார். "சார், நானும் பாத்திருக்கேன். அங்க பாம்பு இருக்குல்லா?"

"இருக்கு. உமக்கு ஓட்டத்துல ஒரு போட்டி வேண்டாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "பாப்போம் சார்" என்றார்கள். நம்மூரில் "பாப்போம்" என்றால் என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாதா. ஒவ்வொரு "பாப்போ"முக்கும் அவர் தோள் ஒரு விரற்கடை இறங்கியது. மாலையில் அவர்கள் குளத்துப் பக்கம் நன்னாரித் தண்ணீருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே, தம் தடத்தில் மறுபடியும் இறங்கினார். இப்போது நடை என்று சொல்ல முடியாது. ஒரு காலை இன்னொரு கால் இழுத்துக்கொண்டு போனது. பெஞ்சு மலையருகே தடுக்கி, கையூன்றி எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். சந்தியில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

தேர்வு நாளில் கலையரங்கத்து வாசலில் தடக்காப்பாளர் ஷமீமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்ளேயே துறை அவளுக்கு அறுபது வயது முகத்தைக் கொடுத்திருந்தது. ஐந்து தடமும் உயிரோடிருக்க வேண்டும், நான்குக்குப் போதுமான அளவுக்குத்தான் ஊரில் கால்கள் இருக்கின்றன. யாரிடமும் சொல்லக் கூடாத இந்தக் கணக்கைச் சுமந்துகொண்டு அவள் எல்லாரையும் பார்த்து, "வாங்க, கால நல்லாத் தொடச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரிசையில் வேதமாணிக்கம் ஆவுடையப்பனுக்கு முன்னால் நின்றார். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார் ஆவுடையப்பன்.

"இதுல யோசிக்க என்னவே இருக்கு" என்றபடி அவர் கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆவுடையப்பன் பின்வாசல் தட்டில் காலைப் பதித்தார். ஈரமாக, ஆளில்லாத கோயில் பிராகாரம் போல இருந்தது அது. ஒரு காலடித் தடம்கூட மேலே தெரியவில்லை. பாசி உடனே மூடிக்கொண்டுவிடும், தெரியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை குனிந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் விடியுமுன் பிரமுதான் அவரை எழுப்பினாள்.

"வெளிய என்ன சத்தம்?"

தட்தட்டென்று வந்தது சத்தம். அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. அவர் கதவைத் திறந்தார். ஜெபசிங் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஓட்டக்காரர் குழு முழுவதும். நூலகர், கணக்கு வாத்தியார், கேன்டீன்காரர், விடுதிப் பெண்கள், போன வருஷம் ஓய்வு பெற்ற முதல்வர் என்று சித்திரைத் தேரோட்டத்துக்குத் திரண்ட மாதிரி ஊரே பின்வாசல் தடத்தில் நடந்துகொண்டிருந்தது. தரை அதற்குள் பசி தீர்ந்த குழந்தைபோல் கெட்டிப்பட்டுக் கிடந்தது. உள்ளே குழாயில் தண்ணீர் பொங்கி வாளியைத் தாண்டிக் கொட்டியது. "மூடுங்க, மூடுங்க, வீணாப் போவுது" என்று பிரமு கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள்.

ஆவுடையப்பனுக்குக் கால் வலி மறந்துபோனது. வாசலில் நின்று வருவோர் போவோரையெல்லாம் கும்பிட்டார். "சும்மாதான் சார், ஒரு மாத்தத்துக்கு" என்றார் நூலகர், கூச்சத்தோடு. "குளத்துப் பக்கம்தான் ஊரே நடக்குதே. நான் ஒருத்தன் இல்லாட்டி என்ன?" என்றார் கணக்கு வாத்தியார். அடுத்து வந்த விடுதிப் பெண்ணும் அதையே சொன்னாள். ஜெபசிங் ஓட்டத்தை நிறுத்தாமலே, "அங்க எங்க ஆளுங்க நெறைய இருக்காங்கல்லா சார்" என்றார். அந்த ஆளுங்க அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் அதே சொல்லைச் சொன்னபோதுதான் ஆவுடையப்பனின் கும்பிட்ட கை மெல்ல இறங்கியது.

கூட்டத்தின் வாலில் வெறுங்காலோடு, கீர்த்தனையை முணுமுணுத்தபடி வேதமாணிக்கம் வந்துகொண்டிருந்தார்.

"நீரு இங்க என்னவே செய்யுதீரு?"

"இது என்ன கேள்வி. நடக்கேன்."

"விருந்தாளிக்காலா?"

"விருந்தாளி என்னத்துக்கு? இந்தத் தட்டுலதான் வச்சேன். உம்ம லெச்சணத்தத்தான் ரெண்டு நாளாப் பாத்தேனே. என் தடத்துக்கு என்னவே கேடு, ஊரே..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூலகர். முதல்வர். கேன்டீன்காரர். நன்னாரித் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முதுகும் அங்கே இருந்தது. பார்க்கப் பார்க்க மற்றவர்களும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடை நின்றது. ஓட்டம் நின்றது.

ஷமீமாவின் அலுவலகத்துக்கு எல்லாருமே போனார்கள். அவள் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அத்தனை நாற்காலி இல்லை.

"மத்த மூணு தடத்துக்கும் ஆளு இருக்கு. குளத்துத் தட்டுல காலேஜ்ல புதுசாச் சேந்த ஒரு பிள்ள மட்டுந்தான் கால் வச்சிருக்கா" என்றாள். "அவளுக்கு உங்க யாரையும் தெரியாது. அதனால பிடிச்ச எடத்துல வச்சிருக்கா."

"மாத்திக் குடும்மா. நாங்க பத்து பேரு இப்பவே மாத்திக்கிடுதோம்" என்றார் ஜெபசிங்.

"விதிய நான் போட்டிருந்தா மாத்துவேன் சார். தரைல்லா போட்டிருக்கு. உங்க காலப் பாசி எடுத்தாச்சு. இனி அடுத்த மழைக்குத்தான் அது வேற நடையப் பழகும்." அவள் பதிவேட்டை மூடினாள். "ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்."

திரைக்குப் பின்னால் எல்லாரும் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். அதை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

குளத்துத் தடம் மூன்று வாரம் தாங்கியது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் தன்னால் முடிந்த மட்டும் நடந்தாள். ஊரில் எல்லாரும் நடந்தார்கள், விருந்தாளிக்கால்களாக, பயனில்லை என்று தெரிந்தே, வெட்கத்தில். முதலில் தரையின் பளபளப்பு போனது. அப்புறம் மருதமரத்து நிழலில் கால் புதைந்தது. வேதமாணிக்கத்தின் நன்னாரிப் பானையில் ஊற்றத் தண்ணீர் இல்லாமல் போன அன்று குடிமாற்றுத் துறையின் வேன் வந்து, உள்ளே வர முடியாமல் சந்தியிலேயே நின்றது. முழங்கால் சகதியில் இறங்கி ஊரே சேர்ந்து அவருடைய சாமான்களைச் சுமந்தது.

"எங்க வீட்டுக்கு வந்திருங்கண்ணே" என்று பிரமு சொல்லி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு ஒரு குடும்பம்தான், தண்ணீரின் அளவு அப்படி என்று துறை மறுத்துவிட்டது. வேதமாணிக்கத்துக்கு டவுனுக்கு அப்பால் அடுக்குமாடியில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல் உண்டா என்று ஆவுடையப்பன் கேட்டார். "இருக்காம். எதுத்தாப்புல செவரு" என்றார் வேதமாணிக்கம். வேன் கிளம்பியது.

அன்று இரவு ஆவுடையப்பன் தூங்கவில்லை என்று சொன்னால் அது மிகை, களைப்பில் தூங்கிவிட்டார். அதுதான் அவருக்குக் காலையில் இன்னும் கேவலமாக இருந்தது.

தடத்தில் இறங்கினார். கல்லூரியின் பின்வாசல் பக்கத்திலிருந்து ஓர் உருவம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. கையில் செருப்பு. தோளில் பை. டவுனிலிருந்து முதல் மின்பேருந்தைப் பிடித்து, நடுவில் ஒன்று மாறி வந்த அலுப்பு நடையில் தெரிந்தது.

"நீரு எதுக்குவே வந்தீரு?" ஆவுடையப்பன் எதிரே போய் நின்றார். "ஷமீமாகிட்ட நான் சொல்லுதேன். நீரு வரவேண்டாம். இங்க ஆளு இருக்கு."

"அங்கயும் அப்பிடித்தான நெனச்சோம்" என்றார் வேதமாணிக்கம்.

ஜெபசிங் குழு தூரத்தில் வரும் சத்தம் கேட்டது. வேதமாணிக்கம் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

"அடுத்த மழை வரைக்கும் தினமும் வருவீரா?"

"வராம? நான் ஒருத்தன் இல்லாட்டி என்னன்னு என்னையும் சொல்லச் சொல்லுதீரா?" கொஞ்ச தூரம் போனதும், "பஸ்ஸுல கூட்டம் இல்லவே. உக்காந்துதான் வந்தேன்" என்றார், ஆறுதல் சொல்வது போல.

ஜன்னலில் பிரமு எழுந்து நின்றிருந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவளாகவே எழுந்திருக்கிறாள். அவர்கள் இருவரும் கடந்து போகும்வரை கையைக் கூப்பியபடி நின்றாள். வேதமாணிக்கம் பார்க்கவில்லை; தரையைப் பார்த்தே நடந்தார். அவர் பாதம் பட்ட இடமெல்லாம் பச்சை ஒரு நொடி அமுங்கி, பிறகு கல்லாக இறுகியது. ஆவுடையப்பன் அந்த இடங்களில் கால் வைக்காமல், ஓரமாகவே நடந்தார்.